சொந்த டிஸ்க்கை நகல் எடுத்தால் திருட்டா?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவர்கள் முழுசா வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு “அருமை சார்” என்று போட வேண்டாம். முழுசா வாசித்தவன் யார், கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தவன் யார் என்பது முப்பத்தைந்து வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவனுக்குத் தெரியாமல் போகாது.

விஷயம் இதுதான். என்னிடம் இருக்கும் சினிமா டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் போட்டு, ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். விசிடியும் டிவிடியும் சேர்த்து நானூறுக்குக் கொஞ்சம் கூடும். எல்லாம் காசு கொடுத்து, பில் வாங்கி, வாங்கியவை. இதைக் குடும்பக் குழுவில் சொன்னதும் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மருமகன், “மாமா, அது பைரசி. ரிட்டயர்டு ஆன காலத்துல கேஸ்ல மாட்டிக்காதீங்க” என்றான். பழைய மாணவர் குழுவில் சொன்னால், துபாயில் இருக்கும் ஒரு பையன், “எதுக்கு சார் மெனக்கெடுறீங்க? எல்லாம் யூடியூப்லயும் டெலிகிராம்லயும் கெடக்கு. லிங்க் அனுப்பட்டா?” என்கிறான்.

ஒருவனுக்குத் திருட்டு இல்லாதது திருட்டாகத் தெரிகிறது. இன்னொருவனுக்குத் திருட்டே கண்ணில் படவில்லை. இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள் என்பதுதான் வருத்தம். (மருமகனுக்கு நாலாம் வகுப்பில் நான்தான் கணக்கு.) அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் நாம் எந்த மண்ணில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம் என்று பார்ப்போம். அகஸ்தீஸ்வரம் என்றால் பலருக்கும் ஒரு தாலுகாவின் பேர், அவ்வளவுதான். ஜே.சி.டானியல் பிறந்த ஊர் அது. மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடுகிற மனுஷன் நம்ம ஊர்க்காரர். சொத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் ஸ்டூடியோ போட்டு, தானே எழுதி, தானே இயக்கி, தானே கதாநாயகனாக நடித்து அவர் எடுத்த ஊமைப்படம் ‘விகதகுமாரன்’. வெளியான வருஷத்தை 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். கதாநாயகி பி.கே.ரோஸி தலித் பெண். அவர் நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல் கொட்டகையில் திரையைக் கல்லால் அடித்தார்கள். அந்தப் பெண் ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. டானியல் கையில் இருந்ததை எல்லாம் இழந்து, பிறகு பல் வைத்தியராகப் பிழைத்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். 1992-இல் இருந்து அவர் பேரில் கேரள அரசு விருது கொடுக்கிறது. 2013-இல் அவர் கதையை ‘செல்லுலாயிட்’ என்று படமாகவும் எடுத்தார்கள்.

அந்த ‘செல்லுலாயிட்’ படத்தை இன்று யாரும் பார்க்கலாம். ‘விகதகுமாரன்’ பார்க்கக் கிடைக்காது. அதன் பிரதி எங்குமே மிஞ்சவில்லை. வீட்டில் கிடந்த சுருளைச் சின்னப் பிள்ளை நெருப்பு வைத்து விளையாடியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிமுக்குத் தீக்குச்சி ஒன்று போதும்.

டானியலுக்கு உறவுக்காரர் நாகர்கோவில் ஆர்.சுந்தர்ராஜ். சி.வி.ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலை அதே பேரில் ஊமைப்படமாகத் தயாரித்தார். இயக்கியவர் பி.வி.ராவ். 1933-இல் திருவனந்தபுரத்தில் படம் திரைக்கு வந்தது. நாவலின் உரிமையோ கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். படம் நின்றது, பிரதி பறிமுதல் ஆனது. அந்தப் பெட்டி நாற்பது வருஷம் அப்படியே கிடந்து, 1974-இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப்படங்களில் ஏறக்குறைய முழுசாக மிஞ்சியது அது ஒன்றுதான் என்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள் மக்கா. ஒரே குடும்ப வட்டத்தில் இரண்டு படம். ஒன்று வீட்டில் இருந்து அழிந்தது. மற்றது காப்புரிமை வழக்கில் பறிமுதலாகிப் பூட்டுக்குள் இருந்ததால் பிழைத்தது. அதைப் பிழைப்பு என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. அதைத் தயாரித்தவர் காலத்து ஜனங்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு படத்துக்கும் இன்னொரு பிரதி நாகர்கோவிலிலோ தக்கலையிலோ யாரோ ஒருவர் வீட்டு மச்சில் கிடந்திருந்தால் கதையே வேறு. ஒத்தைப் பிரதி என்றால் இதுதான் கதி. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. அதுவும் இன்று இல்லை. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று: 2003 ஜனவரியில் புனேயில் அந்தக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கே தீப்பிடித்தது.

நகல் எடுப்பது நமக்குப் புதுசா என்ன? கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிறோமே, அந்தக் கதைகள் எப்படி நம்ம கைக்கு வந்தன? பனையோலை பூச்சி அரிக்கும், நொறுங்கும். அதனால் புலவர்கள் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். கடைசி ஓலையில் கொல்லம் ஆண்டு, மாதம், எழுதியவன் பேர் எல்லாம் போட்டு முடிப்பார்கள். அப்படிப் பெயர்த்து எழுதினவனை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. சங்க இலக்கியம் நம்ம பாடப்புத்தகத்துக்கு வந்ததும் அந்த வழியில்தான். மூல ஓலை எதுவும் நம்மிடம் இல்லை. நகலின் நகலின் நகல்தான் இருக்கிறது.

“டிஸ்க் ஓலையா சார்? அது பிளாஸ்டிக், அழியாதே” என்று கேட்பீர்கள். டிஸ்க்கில் பிளாஸ்டிக் வெறும் தாம்பாளம். விஷயம் இருப்பது உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சை ஒட்டி. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தகடு, நடுவே அந்தப் பூச்சு, இரண்டையும் பசை போட்டு ஒட்டியிருக்கும். பசை விட்டால் காற்று உள்ளே போகும். விசிடியில் இன்னும் மோசம். பூச்சு இருப்பது படம் அச்சடித்த பக்கத்தில், மேலே ஒரு மெழுகு போட்டது போன்ற வார்னிஷ் மட்டும். நாம் எல்லாரும் அடிப்பக்கம் கீறல் விழாமல் பார்ப்போம், மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி நம்பர் எழுதுவோம். எழுதின இடத்திலேயே படம் செத்துப்போகும்.

அதிலும் நம்ம மாவட்டம் இரண்டு பருவமழையும் வாங்குகிற இடம். ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. சுவர் ஊறும், அலமாரியில் பூசணம் பிடிக்கும். கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்று வேறு. உங்கள் பழைய விசிடி ஒன்றை எடுத்துக் குழல் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினது போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அது திரும்பி வராது.

என்னிடம் இருந்த ‘நல்லதம்பி’ விசிடி அப்படித்தான் போனது. 1949-இல் வந்த படம். ஒழுகினசேரியில் பிறந்த நம்ம கலைவாணரின் ‘கிந்தனார்’ காலட்சேபம் அதில்தான் வருகிறது. நந்தனார் கதை மாதிரியே வைத்து, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையன் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாக ஊருக்குத் திரும்பும் கதை. இதைவிட ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்ன வேண்டும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் போட்டுக் காட்டுவேன். ரயில் ஏறுகிற இடத்தில் பிள்ளைகள் சேர்ந்து சத்தம் கொடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். நான் ஓய்வு பெற்ற மறுவருஷம் மழைக்காலத்தில் அந்த டிஸ்க் நடுவில் நிற்க ஆரம்பித்தது. அடுத்த கோடையில் கம்ப்யூட்டர் அதை டிஸ்க் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்னாலேயே நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். இல்லாவிட்டால் கிந்தனாரைத் தேடி டிவிக்காரர்கள் தயவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் விளம்பரத்துக்கு இடம் பண்ண முதலில் கத்திரி வைப்பது காமெடியில்தான்.

மருமகன் உடனே கேட்பான்: “டிஸ்க் போனா புதுசு வாங்குங்களேன் மாமா.” எங்கே வாங்க? 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஒரிஜினல் விசிடி எடுக்க நூறு ரூபாய்க்கு மேல் ஆகும், வாத்தியார் சம்பளத்தில் யோசிக்கணும். அவர்கள் வந்த பிறகுதான் என் போன்றவர்கள் வீட்டில் அலமாரி நிறைந்தது. திருட்டு விசிடிக்குச் சரியான அடி கொடுத்ததும் போலீஸைவிட அந்த விலைதான் என்பது என் கணிப்பு. அந்தக் கம்பெனியே 2018-இல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. நாகர்கோவிலில் நான் டிஸ்க் வாங்கிய கடைகளில் ஒன்று இன்று மொபைல் கவர் விற்கிறது, இன்னொன்று ஷவர்மா. கெட்டுப்போன டிஸ்க்கைக் கொண்டுபோய் மாற்றித் தாருங்கள் என்று யாரிடம் நீட்ட?

சரி, சட்டத்துக்கு வருவோம். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்தவன், வக்கீல் இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரியும். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

52-ஆம் பிரிவு, எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று வரிசையாகச் சொல்லும் பிரிவு. அதில் கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கினவன், தொலைந்தாலோ கெட்டாலோ இருக்கட்டும் என்று பாதுகாப்புக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. மருமகன் வேலை செய்கிற தொழிலுக்கு இந்தச் சலுகை உண்டு. சினிமா டிஸ்க்குக்கு அப்படிப் பேர் சொல்லி எழுதவில்லை. ஆனால் அதே பிரிவின் முதல் வரியே, சொந்த உபயோகத்துக்காக நியாயமான முறையில் ஒரு படைப்பைக் கையாளுவது மீறல் ஆகாது என்கிறது. 2012-இல் திருத்தியபோது அதோடு ஒரு விளக்கத்தையும் சேர்த்தார்கள்: அந்தக் காரியங்களுக்காகப் படைப்பை மின்னணு வடிவில் சேமித்து வைப்பதும் மீறல் இல்லை என்று. நான் காசு கொடுத்து வாங்கிய படத்தை, நான் பார்க்க, என் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கிறேன். இது சொந்த உபயோகம் இல்லையென்றால் வேறு எதுதான் சொந்த உபயோகம்?

அடுத்தது பூட்டு. விசிடியில் பூட்டே கிடையாது, ஃபைலை இழுத்துப் போட்டால் வந்துவிடும். டிவிடியில் ரகசியக் குறியீடு போட்டுப் பூட்டியிருக்கும். அந்தப் பூட்டைத் திறப்பது குற்றம் என்று 2012-இல் 65ஏ என்ற பிரிவு கொண்டுவந்தார்கள். இரண்டு வருஷம் வரை ஜெயில். மருமகன் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் அந்தப் பிரிவை முழுசா வாசிக்கணும். உரிமையை மீறும் நோக்கத்தோடு திறந்தால்தான் குற்றம். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பதை இந்தப் பிரிவு தடுக்காது என்று அடுத்த உட்பிரிவே சொல்கிறது. பாதி வாக்கியத்தை வாசித்துவிட்டு வெப்ராளப்படக் கூடாது என்று உனக்கு அப்போதே சொல்லிக்கொடுத்தேனே மருமகனே!

நார்வேயில் ஒரு பையன், பதினைந்து வயசு, ஜான் யோஹான்சன் என்று பேர். 1999-இல் இந்த டிவிடிப் பூட்டைத் திறக்கும் புரோகிராமை வெளியிட்டவர்களில் ஒருவன். சினிமாக் கம்பெனிகள் புகார் கொடுத்து அவன் மேல் வழக்கு நடந்தது. 2003-இல் கீழ்க் கோர்ட்டும் விடுவித்தது, மேல் கோர்ட்டும் விடுவித்தது. தான் வாங்கிய டிஸ்க்கைத் தான் பார்க்கத் திறப்பது குற்றம் ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்து ஆரம்பித்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் 1998-லேயே சட்டம் போட்டு, சொந்த டிவிடியாக இருந்தாலும் பூட்டைத் திறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2014 அக்டோபரில், சொந்தத்துக்கு நகல் எடுக்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். இசைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2015-இல் அந்த விதி ரத்து. ஜெர்மனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நகல் எடுக்கும் கருவி விலையிலேயே ஒரு சின்னத் தொகையை வசூலித்துப் படைப்பாளிகளுக்குக் கொடுக்கிறார்கள், வீட்டில் நகல் எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். 1965-இல் இருந்து அந்த ஏற்பாடு உண்டு.

சினிமாக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. “நகல் என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்?” என்று கேட்கிறார்கள். நம்ம ஊரில் அவர்கள் பட்டது கொஞ்சமா? படம் வந்த அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் முப்பது ரூபாய்க்கு டிஸ்க். அதனால்தான் 2004-இல் வீடியோ திருடர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். தியேட்டரில் செல்போனால் படம் பிடித்தால் மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தையும் திருத்தினார்கள். நல்லது. இதில் எதையும் நான் எதிர்க்கவில்லை. ஒரு படத்தில் லைட் பாய், தையல்காரர், சமையல்காரர் என்று எத்தனை குடும்பம் சோறு தின்கிறது!

அதனால்தான் துபாய் தம்பிக்குச் சொல்கிறேன். நீ அனுப்புகிறேன் என்ற லிங்க் பேக்கப் இல்லை. நீ வாங்காத ஒன்றுக்கு என்ன பேக்கப்? டெலிகிராமில் போன வாரப் படத்தை இறக்கிப் பார்த்துவிட்டு, “கலை எல்லாருக்கும் பொது சார்” என்று என்னிடம் தத்துவம் பேசாதே. உன் கம்பெனியில் ஒரு மாதம் சம்பளம் போடாமல் உழைப்பு எல்லாருக்கும் பொது என்றால் ஒத்துக்கொள்வாயா? என்னிடம் சில பேர், “சார், அந்த ஹார்ட் டிஸ்க்கைக் குடுங்க, ஒரு நாள்ல காப்பி பண்ணித் தாறேன்” என்று கேட்டதுண்டு. கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும். என் நகல் என் டிஸ்க்கோடு ஒட்டினது. டிஸ்க்கை யாருக்காவது கொடுத்தால் நகலும் அதோடு போகும், இல்லை அழிப்பேன். விற்பதில்லை, நெட்டில் ஏற்றுவதில்லை. இந்தக் கோட்டை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். தன் சிலேட்டில் இருப்பதைத் தன் நோட்டில் எழுதுவது வேறு, பக்கத்துப் பிள்ளை நோட்டைத் தன் பேர் போட்டு நீட்டுவது வேறு.

பழைய படங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம சட்டத்தில் சினிமாவுக்கு உரிமைக் காலம், வெளியான வருஷம் முடிந்த பிறகு 60 வருஷம். ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘நவராத்திரி’ எல்லாம் 1964. 2024 டிசம்பரோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. கலைவாணர் இயக்கிய ‘மணமகள்’, ‘பணம்’ எல்லாம் அதற்கும் முன்னாலேயே பொதுச் சொத்து. பொதுச் சொத்து என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பொதுச் சொத்தின் நல்ல பிரதி பொதுமக்கள் யாரிடம் இருக்கிறது? அறுபது வருஷம் காவல் காத்து, கதவைத் திறக்கும்போது உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அது என்ன காவல்?

“எல்லாம் ஓடிடியில் இருக்கு” என்கிற பேச்சு அடுத்தது. இருக்கிறது, அவர்கள் வைத்திருக்கும்வரை. ஒப்பந்தம் முடிந்தால் படம் காணாமல் போகும், ஏன் என்று சொல்லவும் மாட்டார்கள். 2009-இல் அமேசான் தன் கிண்டிலில் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த ஒரு புத்தகத்தை, உரிமைப் பிரச்சினை என்று, ராத்திரியோடு ராத்திரியாக அவரவர் கருவியில் இருந்தே அழித்துவிட்டது. புத்தகம் எது தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. கலிஃபோர்னியாவில் 2024-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: இப்படி விற்கிறவர்கள், “நீ வாங்கவில்லை, பார்க்க அனுமதி மட்டும் பெறுகிறாய்” என்று தெளிவாகச் சொல்லித்தான் விற்கணுமாம். வாடகை வீட்டை நம்பிச் சொந்த வீட்டை இடிக்கச் சொல்கிறான் துபாய் தம்பி.

உறவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உங்கள் பீரோவில் கல்யாண டிவிடி கெட்டுக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் அச்சில் அழுத்தி எடுத்தது, கொஞ்சம் தாங்கும். ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாண டிஸ்க் சாயத்தில் லேசரால் சுட்டு எழுதினது. வெயிலும் வெக்கையும் பட்டால் சாயம் வெளுக்கும். 2005-க்கும் 2015-க்கும் நடுவில் நடந்த கல்யாணம் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது, ஸ்டூடியோவில் கேட்டால் பழைய ஃபைலை அழித்தாயிற்று என்பார்கள். அந்த வீடியோவில் நடந்து வருகிற ஆச்சிகள், சித்தப்பாமார் பாதிப் பேர் இன்று இல்லை. அவர்கள் பேசுகிற சத்தம் வேறு எங்கும் இல்லை.

சுனாமி வந்த மறுவாரம் மணக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மகளைக் கடல் கொண்டுபோயிற்று, வீட்டில் இருந்த போட்டோ எல்லாமும் போயிற்று. அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் எடுத்த குரூப் போட்டோ நம்மிடம் ஒரு நகல் இருந்தது. இரண்டாவது வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அதை வாங்கிக்கொண்டு போனார். நான் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாக வைத்து, ஒன்றைத் திருநெல்வேலியில் மகள் வீட்டில் வைத்திருப்பது ஏன் என்று கேட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் சொல்லத் தெரியவில்லை. 2017-இல் ஒக்கி அடித்தபோதும் மகள் கேட்ட முதல் கேள்வி, “அப்பா, நீங்க நல்லாயிருக்கீங்களா?” இரண்டாவது, “டிஸ்க்கு இங்க பத்திரமா இருக்கு.”

செலவு ஒன்றும் பெரிசில்லை. ஒரு விசிடி 700 எம்பி சொச்சம், படத்துக்கு இரண்டு அல்லது மூன்று டிஸ்க். டிவிடி 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு டிஸ்க் என்றால் 8.5. என் அலமாரி முழுசும் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்குகிறது, இன்னும் நாற்பது டிஸ்க் பாக்கி. அமுக்கிச் சின்னதாக்காமல் டிஸ்க்கை அப்படியே முழு உருவமாக எடுக்கிறேன். அமுக்கினால் திரும்ப விரிக்க முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுதபூஜை அன்று, நாலைந்து படத்தை ஓட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பேன். ஹார்ட் டிஸ்க்கும் நிரந்தரம் இல்லை, ஐந்தாறு வருஷத்தில் புதுசுக்கு மாற்றணும்.

சட்டம் செய்கிறவர்களிடம் எனக்கு இரண்டு கேள்வி. கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கொடுத்த பாதுகாப்பு நகல் உரிமையை, விற்பனைக்கு வந்த சினிமா டிஸ்க்குக்கும் பேர் சொல்லி எழுத ஏன் கை வரவில்லை? நான் 52-ஐயும் 65ஏ-யையும் இப்படி இணைத்துப் பொருள் சொல்ல வேண்டிய நிலை ஏன்? எல்லாரும் சட்டப் புத்தகத்தோடு உட்கார முடியுமா? ஆனபடியால்தான் நல்ல மனுஷன் பயந்து நகல் எடுக்காமல் இருக்கிறான், திருடன் பயமில்லாமல் ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது, நூலகம். லாப நோக்கமில்லாத பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமித்துக்கொள்ளலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. எப்போது? அந்த நூலகத்திடம் ‘டிஜிட்டல் அல்லாத’ பிரதி ஏற்கெனவே இருந்தால். ஓலை இருந்தால் சரி, அச்சுப் புத்தகம் இருந்தால் சரி, ஃபிலிம் சுருள் இருந்தால் சரி. டிவிடி பிறக்கும்போதே டிஜிட்டல். ஆகவே நூலக அலமாரியில் பூசணம் பிடிக்கும் டிவிடிக்கு அந்த வரி உதவாது! டிஜிட்டல் என்றால் அழியாது என்று நினைத்துக்கொண்டு யாரோ எழுதின வாக்கியம். எழுதியவரை ஒரு ஐப்பசி மாதம் நம்ம ஊரில் வாடகைக்குக் குடியிருக்கச் சொல்லணும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. என் வீட்டில் டிவிடி டிரைவ் இரண்டு இருக்கிறது. இப்போது வரும் லேப்டாப் பெரும்பாலானவற்றில் டிரைவ் இல்லை என்பதால் சொல்கிறேன். சனி, ஞாயிறு காலை பத்து மணியில் இருந்து ஒரு மணி வரை வரலாம். உங்கள் டிஸ்க், உங்கள் ஹார்ட் டிஸ்க் இரண்டையும் கொண்டு வாருங்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பள்ளி ஆண்டுவிழா எதுவாக இருந்தாலும் சரி. சினிமா என்றால் அட்டையோடு ஒரிஜினல் மட்டும்.

65ஏ-யில் இன்னொரு வரி உண்டு. அடுத்தவர் பூட்டைத் திறக்க உதவுகிறவன், அவர் பேர், விலாசம், எந்தக் காரியத்துக்காக என்று முழு விவரத்தையும் பதிவு செய்து வைக்கணும். அதனால் மேஜையில் நீல அட்டை போட்ட ரெஜிஸ்டர் ஒன்று வைத்திருக்கிறேன். வந்ததும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருங்கள். மருமகன் பேரை முதல் வரியில் நானே எழுதி வைத்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. அவன் கல்யாண டிஸ்க்கின் மூன்றாம் பாகம் தாலி கட்டுகிற இடத்தில் நிற்கிறதாக அவன் பெண்டாட்டி போனில் சொன்னாள். டிஸ்க்கைக் கொண்டுவரும் வழியில் துணியால் வட்டமாகச் சுற்றித் துடைத்துவிடாதே. நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கணும்.